விரல் நீள டார்ச்சுக்குள் இத்தனை விஷயமா? தெரியுமா உங்களுக்கு!

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சின்ன எல்இடி டார்ச் வெள்ளை வெளிச்சம் தருகிறது, சரி. ஆனால் அதற்குள் வெள்ளை விளக்கு என்று ஒன்று கிடையவே கிடையாது, தெரியுமா? நம்பாவிட்டால் டார்ச்சை அணைத்துவிட்டு அதன் கண்ணாடிக்குள் எட்டிப் பாருங்கள். (அணைத்துவிட்டு! எரியவிட்டுப் பார்த்தால் அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு எங்கே பார்த்தாலும் பச்சைப் புள்ளிதான்.) நடுவில் மஞ்சளாக ஒரு குட்டிச் சதுரம் உட்கார்ந்திருக்கும். அது பாஸ்பர் பூச்சு. அதற்கு அடியில் இருப்பது நீல எல்இடி. நீல ஒளியில் ஒரு பங்கு பூச்சில் பட்டு மஞ்சளாகிறது, மீதி நீலமாகவே வெளியே வருகிறது. இரண்டும் கலந்து வருவதைத்தான் நம் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது!

அந்த நீலத்துக்காக உலகம் எவ்வளவு காலம் காத்திருந்தது தெரியுமா? கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலன்யாக் 1962லேயே செய்துவிட்டார். பிரகாசமான நீலம் வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். சாவிக்கொத்தில் தொங்கும் நூறு ரூபாய் டார்ச்சுக்குள் ஒரு நோபல் பரிசு எரிகிறது!

இன்னும் பின்னால் போவோம். கையடக்க டார்ச்சுக்கான அமெரிக்கக் காப்புரிமை டேவிட் மிசெல் என்பவருக்குக் கிடைத்தது 1899 ஜனவரி 10ஆம் தேதி. எண் 617592. அட்டைக் குழாய் ஒன்று, அதற்குள் வரிசையாக பேட்டரிக் கட்டைகள், முனையில் ஒரு பல்ப், அதைச் சுற்றிப் பித்தளைத் தகடு. அவ்வளவுதான். இந்தக் காப்புரிமையை வைத்திருந்த நிறுவனத்தின் முதலாளி கான்ராட் ஹியூபர்ட், இன்றைய பெலாரசில் உள்ள மின்ஸ்க் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த யூதர். முதலில் செய்த டார்ச்சுகளை நியூயார்க் போலீஸ்காரர்களுக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். அவர்கள் 'பிரமாதம்' என்று சொன்னதையே விளம்பரமாக்கினார். எவரெடி என்ற பெயர் அந்தக் கடையிலிருந்து கிளம்பியதுதான். 1928இல் ஹியூபர்ட் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து சுமார் 80 லட்சம் டாலர். அதில் முக்கால் பங்கைத் தர்மத்துக்கு எழுதி வைத்திருந்தார். எந்தெந்தத் தர்மத்துக்கு என்று பிரித்துக் கொடுத்த மூவரில் ஒருவர் கால்வின் கூலிட்ஜ், அமெரிக்காவின் முன்னாள் அதிபர்!

நம் ஊர்ச் சங்கதியும் ஒன்று உண்டு, கொஞ்சம் கசப்பானது. இந்தியாவில் பல தலைமுறைகள் எவரெடி டார்ச்சும் பேட்டரியும் வாங்கியது யூனியன் கார்பைடு இந்தியா என்ற நிறுவனத்திடமிருந்து. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த ஆலையும் அதே நிறுவனத்துடையதுதான். 1994இல் அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் பங்கைக் கொல்கத்தா முதலாளிகளுக்கு விற்றுவிட்டுப் போனது. அப்புறம்தான் பெயர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் என்று மாறியது.

சின்ன வயதில் தீர்ந்துபோன பேட்டரியை மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தவர்கள் கை தூக்குங்கள்! பெரியவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அதில் உண்மை இருக்கிறது, தெரியுமா? பழைய துத்தநாக-கார்பன் பேட்டரிக்கு ஓய்வு வேண்டும். தொடர்ந்து எரித்தால் மூச்சு வாங்கும், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் உள்ளே இருக்கும் ரசாயனங்கள் மறுபடி சமநிலைக்கு வந்து இன்னும் சிறிது மின்சாரம் தரும். வெயிலின் சூடு அந்த வேலையை விரைவாக்குகிறது. 1899 டார்ச்சையும் இதனால்தான் அழுத்தி அழுத்தி விட்டார்கள், விடாமல் எரிக்க முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்

கடைக்காரர் ஒரு விரல் நீள டார்ச்சை எடுத்துக் காட்டி, 'ஆயிரம் லூமன் சார்!' என்கிறார். லூமன் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. தாத்தா காலத்து இரண்டு கட்டை டார்ச்சின் குண்டு பல்ப் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 10 லூமன்! மூன்று கட்டை போட்டால் 20ஐத் தொடும். அந்த வெளிச்சத்தில்தான் வயலுக்கு மடை திருப்பினார்கள், ஊர் எல்லை வரை போய் கடைசி பஸ்ஸில் வந்தவர்களை அழைத்து வந்தார்கள். இன்று கையிலிருக்கும் செல்போன் விளக்கே பெரும்பாலும் 50 லூமனைச் சுற்றி இருக்கும்.

அப்படியானால் ஆயிரம் லூமன், ஐந்நூறு லூமனைவிட இரண்டு மடங்கு பளிச்சென்று தெரியுமா? தெரியாது! நம் கண் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 'இரண்டு மடங்கு' என்று கண்ணுக்குத் தோன்ற வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும். ஐந்நூறும் ஆயிரமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசமே புரியும். எண்ணைப் பார்த்து இன்னொரு ஐந்நூறு ரூபாய் நீட்டுகிறோமே, அது வீண்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். டார்ச்சுகளை எப்படி அளக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2009இல் ஒரு தரவிதி போட்டார்கள், பெயர் ஆன்சி எஃப்எல்1. நல்ல கம்பெனிகள் எல்லாம் பெட்டியில் குட்டிக் குட்டிப் படங்களாகப் போடுவது அந்த விதிப்படிதான். விதியில் 'இத்தனை மணி நேரம் எரியும்' என்பதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? போட்டு 30 விநாடி கழித்து இருக்கும் வெளிச்சம், பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். அதாவது, '1000 லூமன், 3 மணி நேரம்' என்று எழுதியிருக்கும் டார்ச் ஆயிரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் எரிந்து, சடாரென்று 200க்கு இறங்கி, மீதி நேரம் முழுக்க 200லேயே ஓடி, கடைசியில் 100ஐத் தொட்டாலும் கணக்கு சரி! பொய் இல்லை. ஆனால் நாம் நினைத்ததும் இல்லை.

ஏன் இறங்குகிறது? சூடு! ஆயிரம் லூமன் கொடுக்க அந்தக் குட்டி உருளை சுமார் 10 வாட் மின்சாரத்தை விழுங்குகிறது, அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. விரல் அளவு அலுமினியம் எவ்வளவு சூட்டை வெளியேற்றும்? ஒரு நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாது. அதனால் உள்ளே இருக்கும் சர்க்யூட் தானே வெளிச்சத்தைக் குறைக்கிறது. குறைக்காத மட்ட ரக டார்ச் எல்இடியைப் பொசுக்கிக்கொள்ளும்.

சரி, பொய்யையே எழுதியிருந்தால் கண்டுபிடிப்பது எப்படி? வாய்ப்பாடு தெரிந்தால் போதும்! பேட்டரிக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பாருங்கள். டிவி ரிமோட்டுக்குப் போடும் ஏஏஏ செல்லின் ரீசார்ஜ் வகையில் சுமார் 1 வாட்-மணி. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஏஏ செல்லில் சுமார் 2.4. கட்டை விரல் பருமனான 18650 லித்தியம் பேட்டரியில், நல்லதாக இருந்தால், சுமார் 12.6. நல்ல சின்ன டார்ச் ஒன்று 1 வாட்டுக்கு 100 லூமனைச் சுற்றிக் கொடுக்கும். ஆக ஏஏஏ டார்ச்சிலிருந்து 100 லூமன் ஒரு மணி நேரம் கிடைக்கும், அல்லது 10 லூமன் பத்து மணி நேரம். லூமனையும் மணியையும் பெருக்கினால் 100 பக்கத்தில் வர வேண்டும். பெட்டியிலோ 'குறையாமல் 1000 லூமன், 5 மணி நேரம்' என்று இருக்கிறது. பெருக்கினால் 5000! சாத்தியமே இல்லை. இயற்கையே விதித்த வரம்பு ஒன்று உண்டு, தெரியுமா? எந்த விளக்காக இருந்தாலும், ஒரு சொட்டு ஆற்றல்கூட வீணாகாமல், கண்ணுக்கு மிகவும் உகந்த பச்சை நிறத்தில் எரிந்தாலும், 1 வாட்டுக்கு 683 லூமனுக்கு மேல் தரவே முடியாது. கேண்டிலா என்ற ஒளி அலகையே அந்த எண்ணை வைத்துத்தான் வரையறுத்திருக்கிறார்கள். எனவே அந்தப் பெட்டி நம்மை மட்டுமல்ல, இயற்பியலையும் ஏமாற்றப் பார்க்கிறது!

இதே கூட்டத்தில் இன்னொரு ஆசாமி, கொள்ளளவு '9900 எம்ஏஎச்' என்று ஒட்டிய 18650 பேட்டரி. நல்ல கம்பெனிகளின் சாதாரண 18650 பேட்டரி 3500 எம்ஏஎச் பக்கத்தில் நிற்கிறது. 9900 என்று கண்டால் விலையே கேட்காமல் நகருங்கள். 18650 என்ற அந்த எண்ணே அளவுதான் என்பது தெரியுமா? விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கும். அப்படியே 14500 என்றால் 14க்கு 50, நம் கடிகார செல் அளவு. இங்கேதான் ஆபத்து. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், ஆனால் கடிகார செல் 1.5 வோல்ட், லித்தியம் 14500 முழு சார்ஜில் 4.2 வோல்ட்! 'இரண்டும் போடலாம்' என்று எழுதியிராத டார்ச்சில் 14500ஐப் போட்டால் ஒரு நொடி கண்ணைப் பறிக்கும், அடுத்த நொடி புகை.

நிலா வெளிச்சம் அளவுக்கு ஒரு பொய்

'200 மீட்டர் தூரம் அடிக்கும்' என்கிறார்கள். 200 மீட்டருக்கு அப்பால் நிற்பது மாடா மனிதனா என்று தெரியுமா? அந்தத் தரவிதிப்படி தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸுக்குக் குறையும் இடம். அது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம்! அங்கே ஏதோ இருப்பது தெரியும், என்னவென்று தெரியாது. நன்றாகப் பார்க்க வேண்டுமானால் பெட்டியில் உள்ள தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பாதித் தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால், தூரத்தை இரண்டு மடங்காக்க ஒளிக்கற்றையின் கூர்மை நான்கு மடங்காக வேண்டும். அதைக் குறிக்கும் கேண்டிலா எண்ணும் பெட்டியிலேயே இருக்கும். 2500 என்றால் 100 மீட்டர், 10000 என்றால் 200 மீட்டர்.

பிளாட்பாரத்தில் விற்கும் ஜூம் டார்ச் பார்த்திருப்பீர்கள், தலையை முன்னால் இழுத்தால் வெளிச்சம் சுவரில் ஒரு சதுரமாகக் குவியும். அந்தச் சதுரம் என்ன தெரியுமா? எல்இடி சில்லின் படமேதான்! லென்ஸ் அதைப் பெரிதாக்கிச் சுவரில் போடுகிறது, உற்றுப் பார்த்தால் சில்லில் ஓடும் கம்பிக் கோடுகள்கூடத் தெரியும். வேடிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிக் குவிக்கும்போது பக்கவாட்டில் போகும் வெளிச்சம் எல்லாம் குழாயின் உள்சுவரில் பட்டு வீணாகிறது. பையில் வைத்துக்கொள்ள அது வேண்டாம். நம் தேவையெல்லாம் பெரும்பாலும் இரண்டு கை நீளத்துக்குள்தான்: பூட்டுத் துவாரம், ஃபியூஸ் கட்டை, பைக் பிளக், கீழே விழுந்த மாத்திரை.

வாங்கும் முன் மின்விசிறியைச் சுழலவிட்டு, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து விசிறி மேல் அடித்துப் பாருங்கள். சில டார்ச்சில் சுழலும் இறக்கைகள் அந்தரத்தில் உறைந்து நிற்பது போலத் தெரியும்! பேய் இல்லை. மலிவான சர்க்யூட்டுகள் வெளிச்சத்தைக் குறைப்பதே இல்லை, விளக்கை விநாடிக்குப் பல முறை அணைத்து அணைத்துப் போடுகின்றன. கண் அதைச் சராசரியாக்கி 'மங்கல்' என்கிறது. விசிறி ஏமாறாது. வாசிக்க உட்கார்ந்தால் சிலருக்குத் தலைவலியே வரும்.

பட்டுப் புடவை எடுக்கப் போனால் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்ப்பார்கள். அதே அறிவைத்தான் விஞ்ஞானிகள் சிஆர்ஐ என்று ஓர் எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள்! வெயிலுக்கு 100. சாதாரண டார்ச் எல்இடிக்கு 70 பக்கம். 90க்கு மேல் தரும் எல்இடிகளும் இருக்கின்றன, ஆனால் அவை கொஞ்சம் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் நிறத்தைக் காட்டும், அதனால் லூமன் எண் சின்னதாக இருக்கும், அதனால் கடையில் விற்காது! சோதனை சுலபம். டார்ச்சை உள்ளங்கையில் அடியுங்கள். மட்டமான எல்இடியில் கை சாம்பல் பூத்துப் பிணத்தின் கை மாதிரி இருக்கும். நல்லதில் ரேகைகளுக்கு இடையில் ரத்தச் சிவப்பு தெரியும். ஒயரில் சிவப்பா பழுப்பா என்று பார்க்கும் எலெக்ட்ரீஷியனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. குழந்தைக்கு உடம்பில் தடிப்பு இருக்கிறதா என்று நள்ளிரவில் பார்க்கும் அம்மாவுக்கும்.

புல்தரையில் வைரம்

இன்றிரவு இதைச் செய்து பாருங்கள். தோட்டமோ விளையாட்டுத் திடலோ, புல் இருக்கும் இடத்துக்குப் போங்கள். டார்ச்சை இடுப்பில் பிடிக்காமல் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக வைத்துத் தரையில் அடியுங்கள். அங்கங்கே பச்சையும் வெள்ளியுமாகப் பொடிப் பொடியாக மின்னும். பனித்துளி என்று நினைப்பீர்கள். அருகே போனால் துளி ஓடும்! அத்தனையும் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள். அவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதனால்தான் டார்ச் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், அரை அடி இறக்கினால் மாயம் மறைந்துவிடும். பூனைக்கும் நாய்க்கும் மாட்டுக்கும் இதே ஏற்பாடு உண்டு. மனிதனுக்குக் கிடையாது.

புல்லுக்குள் வேறு ஆட்களும் இருப்பார்கள், அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் பெரும்பாலும் இரவில்தான் நடமாடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரியாக 58,000. இருட்டில் கால் வைக்கும் முன் தரையைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் அலுக்காமல் சொல்கிறார்கள். அதற்கு ஆயிரம் லூமன் வேண்டாம். இருபது போதும், கையில் இருந்தால்!

ஒரு லூமனுக்கும் குறைவான வெளிச்சம்கூட எதற்காவது ஆகுமா? ஆகும், அதுதான் சின்ன டார்ச்சின் உச்சபட்ச அழகு என்பேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு அரை லூமனே தாராளம். ரயிலில் நடு பெர்த்திலிருந்து இறங்கிச் செருப்புத் தேடுவது, தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுவது எல்லாம் யாரையும் எழுப்பாமல் நடக்கும். அதே இடத்தில் 500 லூமன் போட்டுப் பாருங்கள், பெட்டி முழுக்க உட்கார்ந்துகொண்டு திட்டும், அரை மணி நேரம் பழகிய கண் ஒரே நொடியில் போகும். நல்ல டார்ச்சுகளில் இதற்கு நிலா அளவு என்று தனி நிலை உண்டு. அதில் ஒரு ஏஏ செல் பத்து நாள்கூட இரவும் பகலும் விடாமல் எரியும்! வாங்கும்போது உச்சத்தைக் கேட்பவர்கள் ஆயிரம் பேர். 'ரொம்பக் கம்மியா எவ்வளவு எரியும்?' என்று கேளுங்கள், கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பின்மூடியை இப்போது கழற்றுங்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு கறுப்பு ரப்பர் வளையம், திருகு மரை. மரை சாம்பலாகவோ கறுப்பாகவோ பூச்சோடு இருக்கிறதா, வெறும் அலுமினியமாகப் பளபளக்கிறதா? பூச்சு இருந்தால் நல்ல சரக்கு. அந்தப் பூச்சு அலுமினியத்தின் ஆக்சைடு, மின்சாரத்தைக் கடத்தாது! குழாயின் விளிம்பு மட்டும்தான் மூடியைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும். ஆகவே மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினாலே தொடர்பு அறுந்து டார்ச் பூட்டிக்கொள்ளும், பையில் எதேச்சையாக அழுந்தினாலும் எரியாது. இது சின்ன விஷயம் இல்லை. சக்திவாய்ந்த டார்ச் பேன்ட் பைக்குள் தானாக எரிந்தால் துணி பொசுங்கும், தொடையும் சுடும். ரப்பர் வளையம் தண்ணீருக்குக் காவல். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றால் தூறல் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், 8 என்றால் அதற்கு மேலும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தனியாகக் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது.

ஒரே ஒரு பட்டன் உள்ள டார்ச், தன் பேட்டரியின் வோல்ட்டைச் சொல்லும் தெரியுமா? அண்டூரில் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அது போட்ட டார்ச்சை மூன்று முறை தட்டினால், நான்கு முறை மின்னி, நிறுத்தி, ஒரு முறை மின்னும். 4.1 வோல்ட்! இன்னும் தட்டினால் மெழுகுவர்த்தி போல ஆடும், இடி மின்னல் போல வெட்டும். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படி. அவசரத்தில் அப்பா கையில் கொடுத்தால் 'என்னடா இது' என்று தூக்கி எறிவார். ஆனால் விரல் நீளக் குழாய்க்குள் ஒரு கணினி என்பதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

மூச்சு விடாமல் இன்னும் சில! புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சை நீலமாக ஒளிரும். நம் ரூபாய் நோட்டின் எண் பலகையும் உள்ளே ஓடும் இழைகளும் ஒளிரும். டிரிட்டியம் வாயு அடைத்த கண்ணாடிக் குப்பி ஒன்றைச் சில டார்ச்சின் உடம்பில் பதித்திருப்பார்கள், பேட்டரியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மினுங்கும், இருட்டில் டார்ச் எங்கே என்று காட்டும். அந்த டிரிட்டியம் பாதியாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்! இரண்டாம் உலகப் போரின்போது பேட்டரிக்குத் திண்டாடிய நெதர்லாந்தில், கையால் அழுத்தி அழுத்தி எரியவிடும் டைனமோ டார்ச்சை பிலிப்ஸ் செய்து கொடுத்தது. நம் ஊரில் டார்ச் லைட் வாக்கே கேட்டது, 2019இல் மக்கள் நீதி மய்யம் கட்சிக்குக் கிடைத்த சின்னம் அது.

எதை வாங்குவது என்று கேட்பீர்கள். என் தீர்ப்பு இது. வீட்டுக்கும் சட்டைப் பைக்கும் ஒரே ஒரு ஏஏ செல்லில் ஓடும் டார்ச். உச்சம் 150 முதல் 200 லூமன் போதும், ஒரு லூமனுக்குக் கீழே இறங்க வேண்டும், சிஆர்ஐ 90, பையில் மாட்ட கிளிப், பல்லில் கடித்துப் பிடிக்க முடிகிற எடை. செல் எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். வயல், தோப்பு, இரவுக் காவல் என்று போகிறவர்கள் நல்ல கம்பெனியின் 18650 டார்ச்சாக, யுஎஸ்பி-சி சார்ஜ் உள்ளதாக வாங்கலாம். பொத்தான் பேட்டரி போட்ட சாவிக்கொத்து விளக்கு குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அந்தக் காசு அளவு பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக ஒன்று, தெரியுமா? மலிவான துத்தநாக பேட்டரியில் வெளித் தகடுதான் எரிபொருள்! மின்சாரம் தரத் தர அது தன் சுவரையே தின்கிறது. சுவர் ஓட்டையானால் ஒழுகும். அல்கலைன் பேட்டரியும் ஒழுகும், வெள்ளைப் பொடியாகப் பூக்கும், அது கார வகை. எனவே இதைப் படித்து முடித்ததும் அலமாரியில் எப்போதோ போட்டுவைத்த டார்ச்சை எடுத்துத் திறந்து பாருங்கள். அல்கலைன் பூத்திருந்தால் கையுறை போட்டு, பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்துக் காயவையுங்கள். பூக்கவில்லையென்றாலும் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள்.